இடது கெண்டைக்காலில் ஒரு பென்ஸ் 1210

இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் 1210 லாரியின் முன்முகத்தை டாட்டூவாகப் போட்டிருக்கிறேன். ஏழு அங்குல உயரம், நாலரை அங்குல அகலம், கறுப்பு மை மட்டும். படம் தேடியதில் தொடங்கி, ஆறிய பிறகு விட்டுப்போன இடங்களை நிரப்பும் டச்சப் முடிந்தது வரை என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். பழைய லாரிமேல் பிரியம் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அதை உடம்பில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு இணையத்தில் மாதிரி தேடினால் வந்து விழுவதெல்லாம் அமெரிக்க பிக்கப்புகள்: பழைய ஃபோர்டு, பழைய செவ்ரோலே. அழகான வண்டிகள்தான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது சங்ககிரி ரோட்டில் ஓடிய வண்டி.

என் மாமா ஓட்டியது 1968 மாடல் 1210. பள்ளி விடுமுறை என்றால் நான் அந்த கேபினில்தான் இருப்பேன். ஆசைக்குக் காரணம் அதுதான், இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஜாம்ஷெட்பூரில் 1945-ல் ரயில் இன்ஜின் செய்வதற்காகத் தொடங்கிய டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), 1954-ல் ஜெர்மன் கம்பெனி டெய்ம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பித்தது. பதினைந்து வருட ஒப்பந்தம். 1969-ல் அது முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய், வட்டத்துக்குள் டாடாவின் ‘டி’ (T) எழுத்து வந்தது. வண்டி பெரிதாக மாறவில்லை. டிரைவர்கள் பல வருடங்களுக்கு அதை பென்ஸ் வண்டி என்றேதான் சொன்னார்கள். டாட்டூ போடப் போகிறேன் என்று எங்கள் ஊர் பட்டறை மேஸ்திரியிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏங் கண்ணு, ஸ்டார் வண்டியா, டி போட்ட வண்டியா?” மாமாவின் வண்டி 1968 என்பதால் ஸ்டார் என்று முடிவானது. நீங்கள் போடுவதாக இருந்தாலும் முதலில் வருடத்தைத் தீர்மானித்துவிடுங்கள். வருடம் தெரியாமல் முகத்தை வரைந்தால் முன்பக்கம் ஒரு காலத்தையும் சின்னம் வேறு காலத்தையும் சொல்லும்.

1210 என்ற எண்ணுக்கும் அர்த்தம் உண்டு. பென்ஸ்காரர்கள் கணக்கில் முதல் இரண்டு எண்கள் வண்டியின் மொத்த எடை, டன்னில். பின்னால் வரும் இரண்டையும் பத்தால் பெருக்கினால் குதிரைத் திறன். ஆக 12 டன், சுமார் 100 குதிரைத் திறன். இன்ஜினுக்கு 692 என்று பெயர்: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் போரும் (உள்விட்டம்) 92 மில்லிமீட்டர். அதற்கு அடுத்து வந்த 697-ல் போர் 97 மில்லிமீட்டர். இன்ஜின் இறக்கி ஏற்றிய கை எதுவானாலும் இந்த மூன்று எண்களைச் சொன்னால் போதும், பேச்சு தானாக ஓடும். டாட்டூவில் இதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

இனி முக்கியமான விஷயம். அந்தக் காலத்து லாரிகளில் பெரும்பாலானவை முழு வண்டியாக கம்பெனியிலிருந்து வரவில்லை. சேசிஸ் என்ற அடிச்சட்டம், இன்ஜின், பானட், முன்பக்க முகப்பு, அதோடு சரி. டிரைவர் திறந்த வெளியில் உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டு வருவார். கேபினும் பாடியும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் மரத்தில் கட்டப்பட்டவை. கண்ணாடிக்குக் கீழே ஜெர்மன் வடிவம். அதற்கு மேலே நம் ஆசாரியின் வேலை. ஜெர்மனியில் ஓடிய அதே மூக்கு வண்டிக்கு கம்பெனி செய்த உருண்டையான இரும்பு கேபின். நம் வண்டிக்கோ நடுவில் கட்டை வைத்த இரண்டு தட்டைக் கண்ணாடி, அதற்கு மேலே வெயில் மறைக்கும் சாய்ப்பு, அதற்கும் மேலே சாமி பெயர் எழுதும் அகலப் பலகை. ஜெர்மன் மூக்கும் ஆசாரி கட்டிய கேபினும் ஒரே முகத்தில் சேர்ந்திருப்பதுதான் நம் லாரி. டாட்டூவில் இது வராவிட்டால் வேறு எது வந்தும் எனக்குப் பிரயோஜனமில்லை.

படம் எடுத்தது

மாமா வண்டியின் நல்ல படம் வீட்டில் இல்லை. இருக்கும் ஒன்றிரண்டில் வண்டிக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நின்று கிரில்லை மறைத்துக்கொண்டிருக்கிறோம். மேஸ்திரிதான் ஒரு பழைய வண்டிக் கிடங்கில் 1210 ஒன்று நிற்பதாகச் சொன்னார். முன் டயர் இல்லை, சேசிஸைக் கல் அடுக்கித் தாங்கியிருந்தார்கள். ஆனால் மூக்கும் மரக் கேபினும் அப்படியே இருந்தன. ஸ்டார் இருந்த இடத்தில் துளைகள் மட்டும். கிடங்குக்காரர் நல்ல மனிதர், வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

லாரி முகத்தைப் படம் எடுக்க ஒரு முறை இருக்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் எடுத்தால் மூக்கு ஊதிப்போய், கேபின் பின்னால் ஒடுங்கிவிடும். அந்தப் படத்தை வைத்து வரைந்தால் பொம்மை வண்டி மாதிரி இருக்கும். முப்பது அடி தள்ளி நின்று, ஜூம் போட்டு, போனை பானட் உயரத்துக்குப் பிடித்து எடுக்க வேண்டும். அப்போதுதான் மூக்குக்கும் கேபினுக்கும் உள்ள விகிதம் சரியாக வரும். வெயில் நேரே அடிக்கும் உச்சிப் பொழுதைத் தவிர்த்து, காலையில் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் நிழலும் விழும்போது எடுத்தேன். ஷேடிங் எங்கே வைப்பது என்று அந்த நிழல்தான் பிறகு சொல்லிக்கொடுத்தது.

கையோடு டேப் வைத்தும் அளந்துகொண்டேன். இரண்டு ஹெட்லைட்டுகளின் மையத்துக்கு இடையே தூரம், கிரில்லின் அகலம், பம்பரிலிருந்து கண்ணாடியின் கீழ் விளிம்பு வரை உயரம், அங்கிருந்து கேபின் உச்சி வரை உயரம். இந்த நான்கு அளவும் சரியாக இருந்தால் மற்றதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் வண்டி அடையாளம் தெரியும். மட்கார்டின் வளைவை மட்டும் தனியாகப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தேன். ஹெட்லைட் அந்த வளைவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒட்டவைத்த மாதிரி வெளியே நிற்காது. 1210-ஐ மற்ற மூக்கு வண்டிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது பாதி அந்த வளைவுதான்.

தோலுக்கு ஏற்ற மாதிரி வரைந்தது

டாட்டூ போடும் தம்பி சேலத்தில் இருக்கிறார். நேர்கோடு நடுங்காமல் போடுவார் என்று அவருடைய பழைய வேலைகளைப் பார்த்துத்தான் போனேன். அதிலும் புதிதாகப் போட்டதை மட்டும் பார்க்காமல், மூன்று நான்கு வருடம் ஆனவற்றையும் காட்டச் சொன்னேன். போட்ட அன்று எல்லாக் கோடும் கூர்மையாகத்தான் இருக்கும்.

முதல் வரைபடத்தில் உருண்டைக் கேபின் வந்துவிட்டது. “அண்ணா, நெட்ல இருக்கிற பென்ஸ் எல்லாம் இப்படித்தான் இருக்கு,” என்றார். “அது ஜெர்மன் கேபின் தம்பி. நம்ம வண்டிக்கு மூக்குதான் கம்பெனி. கண்ணாடிக்கு மேலே எல்லாம் ஆசாரி இழைச்சது,” என்று கிடங்குப் படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மரச்சட்டங்கள் சேரும் மூலைகளை வரையலாமா என்று அவரே கேட்டார். அதிலிருந்து எல்லாம் எளிதாகப் போனது.

அடுத்த வேலை குறைப்பது. ஊசி தோலுக்குள் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கில் மையை இறக்குகிறது. உடம்பின் பாதுகாப்பு செல்கள் அந்த மைத்துகளை விழுங்கி அங்கேயே வைத்துக்கொள்கின்றன; அதனால்தான் டாட்டூ நிலைக்கிறது. ஆனால் வருடங்கள் போகப்போகத் துகள்கள் மெல்ல நகரும், கோடு தடிக்கும். இன்று ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கோடுகள் நாளைக்கு ஒன்றாகிவிடும். லாரி முகத்தில் அந்த ஆபத்து முழுக்க கிரில்லில் இருக்கிறது. நிஜத்தில் இருக்கும் குறுக்குப் பட்டைகளில் பாதியைத்தான் வைத்தோம். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் வெறும் தோல். ஆணிகள், போல்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். ஸ்டாரின் மூன்று கைகளையும் கொஞ்சம் தடிமனாக்கினோம்.

எழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாமா வண்டியின் பலகையில் ‘முருகன் துணை’ என்று இருந்தது. தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ‘ணை’ ஓர் எழுத்திலேயே எத்தனை சுழி பாருங்கள். மூன்று அங்குலப் பலகைக்குள் இரண்டு சொற்களை அடக்கினால் ஒவ்வொரு சுழியின் உள்ளும் குண்டூசித் தலை அளவு இடம்தான் இருக்கும். சில வருடங்களில் எல்லாம் கறுப்புப் புள்ளியாகிவிடும். ‘முருகா’ என்று மாற்றினேன். மூன்றே எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம் என்று, முன்பு லாரிக்கு எழுதிய ஒரு பெயிண்டரிடம் போய் தாளில் எழுதி வாங்கினேன். வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் நிழல் விழுகிற, வயிறு பருத்த பழைய லாரி எழுத்து. கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினார். ஆனால் தூரிகை தாளில் பட்ட பிறகு நடுக்கம் எதுவும் தெரியவில்லை. ‘கா’வின் காலை ஒரே இழுப்பில் இறக்கி, நுனியில் லேசாகத் திருப்பி எடுத்தார். அந்தத் திருப்பம் அப்படியே என் காலில் இருக்கிறது.

எழுத்துக்கு மேலே திருநீற்றுப் பட்டை மூன்றும் வேண்டும் என்று கேட்டேன். வெள்ளை மை நம் தோலில் நிற்காது; மங்கும், மஞ்சளாகும். அதனால் சுற்றிலும் கறுப்பு ஷேடிங் கொடுத்து, மூன்று பட்டைகளையும் வெறும் தோலாக விட்டுவிடலாம் என்றார் தம்பி. பலகையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்று கோடுகள்தான். சிவப்பு மையில் குங்குமம் வைக்கும் யோசனையும் இருந்தது. டாட்டூ மைகளில் அலர்ஜி அதிகம் கிளப்புவது சிவப்பு என்பதால் வேண்டாம் என்று விட்டேன்.

நம்பர் பிளேட்டில் மாமா வண்டியின் பதிவு எண்ணைப் போடவில்லை. பழைய மெட்ராஸ் பதிவு, எழுத்தும் எண்ணுமாக நீளம்; சிறிய தகட்டுக்குள் அடங்காது. அந்த இடத்தில் 692 வந்தது.

எந்தக் கால், எந்தப் பக்கம்

முன்கையில் போடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முன்கை சுழலும் உறுப்பு. உள்ளங்கையை மேலே காட்டினால் ஒரு மாதிரி, கீழே திருப்பினால் வேறு மாதிரி தோல் முறுக்கும். பூ, கொடி மாதிரிப் படங்களுக்கு அது பொருட்டே இல்லை. பம்பர், கண்ணாடிச் சட்டம், கேபின் விளிம்பு என்று நேர்கோடாக இருக்கும் லாரிக்கு அது சரிப்படாது. கெண்டைக்கால் அவ்வளவு முறுக்காது, பரப்பும் கூட. வேட்டியை மடித்துக் கட்டினால் தெரியும், இறக்கிவிட்டால் மறையும்.

இடது கால் என்பதற்கு இரண்டு காரணம். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் சைலன்ஸர் வலப்பக்கம் இருக்கும். ஆறாத புண்ணைச் சூட்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இன்னொரு காரணம் அந்த வண்டியிலேயே இருக்கிறது. 1210-ல் மூக்கு குட்டை, இன்ஜினின் ஒரு பகுதி கேபினுக்குள் வந்திருக்கும். ஸ்டீரிங் வலப்பக்கம் என்பதால் இன்ஜின் பெட்டி டிரைவரின் இடது காலை ஒட்டியே இருக்கும். சரக்கு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறும்போது அந்தச் சூடு முழுக்க இடது காலில்தான் அடிக்கும். சாக்கை நனைத்துப் பெட்டிமேல் போட்டுக்கொண்டு மாமா ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு இடது கெண்டைக்காலில் முடியே முளைக்காது.

போட்ட நாள்

வியர்வை குறைந்த தை மாதத்தில் நாள் குறித்தோம். முந்தின இரவு நன்றாகத் தூங்கி, காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரலாம். முந்தின நாள் மது கூடாது, ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்களும், காயம் ஆறினால் தழும்பு தடித்து எழும்பும் உடம்புக்காரர்களும் அப்படியே.

உட்கார்ந்ததும் பார்க்க வேண்டியது ஊசி. சீல் பிரிக்காத கார்ட்ரிட்ஜை நம் கண் முன்னால் பிரிக்க வேண்டும், காலாவதி தேதி பார்க்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் நமக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். மிச்சத்தை பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றக் கூடாது. மெஷின், ஒயர், ஸ்பிரே பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. கையுறையோடு போனைத் தொட்டால் கையுறை மாற்ற வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அசுத்த ஊசி வழியாகப் பரவக்கூடியவை, அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தம்பி நான் கேட்கும் முன்பே ஒவ்வொன்றையும் காட்டினார்.

முடியை மழித்து, துடைத்து, வரைபடத்தின் அச்சான ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டும்போது என்னை நிற்க வைத்தார், இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு. படுத்தபடி ஒட்டினால் கெண்டைச் சதை தளர்ந்து கிடக்கும்; எழுந்து நின்றதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பம்பர் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தார். முதலில் ஒட்டியது துளி சாய்வாகப்பட்டதால் அழித்துவிட்டு மறுபடி ஒட்டினார். எழுத்து சரியாக இருக்கிறதா என்பதை நான் கண்ணாடியில் பார்க்காமல் போனில் படம் எடுத்துப் பார்த்தேன். ஸ்டென்சில் நன்றாகக் காயும்வரை கால் மணி நேரம் போல உட்கார்ந்திருந்தோம். அந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டால் துடைக்கும்போது கோடு அழிந்துவிடும்.

முதலில் வெளிக்கோடு. கேபினுக்கும் மட்கார்டுக்கும் ஒன்பது ஊசி சேர்ந்த வட்ட லைனர், கிரில்லுக்கும் எழுத்துக்கும் ஐந்து ஊசி. நீளமான நேர்கோட்டை விட்டுவிட்டுப் போடாமல், இடது கையால் தோலை விரித்துப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுத்தார். பம்பர் கோடு போட்டபோது இரண்டு பேரும் பேசவில்லை. வலி சதையில் பொறுக்கும்படியாகத்தான் இருந்தது. முன்னெலும்பை நெருங்கிய வலது மட்கார்டு பக்கம் நன்றாகவே வலித்தது. பிறகு வளைந்த மேக்னம் ஊசியில் ஷேடிங். பானட்டின் உருட்சிக்கு வழவழப்பான நிழல்; மரக் கேபினுக்குப் புள்ளி புள்ளியாக வைத்த நிழல். இரும்பும் மரமும் ஒரே மாதிரி பளபளக்கக் கூடாது என்று இரண்டு விதமாகச் செய்தது தம்பியின் யோசனை. கிடங்கில் அந்தப் பழைய மரத்தைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அது சரியென்று உடனே தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியதையும் சேர்த்து மாலைவரை ஆனது.

ஆறியது

மேலே ஒட்டிய ஒளி ஊடுருவும் பிலிமுக்குள் முதல் நாள் மையும் நீரும் சேர்ந்து கறுப்பாகத் தேங்கும். பார்க்க பயமாக இருந்தாலும் இயல்பானதுதான். மூன்றாம் நாள் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாகப் பிலிமை உரித்தேன். பிறகு தினமும் வாசனையில்லாத சோப்பு, சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பது, மெல்லிய பூச்சாக லோஷன். அம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார். ஊசி போட்ட இடத்தில் எந்தப் பொடியும் விழுதும் வைக்க வேண்டாம், தேங்காய் எண்ணெயையும் கெட்டியாகத் தடவ வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்ததால் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் புரியவைத்தேன்.

காலில் போடுபவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலைத் தொங்கவிட்ட நொடியில் ரத்தம் அந்த இடத்துக்குப் பாயும், விண்ணென்று தெறிக்கும். முதல் வாரம் கணுக்காலில் லேசான வீக்கம் இருந்தது. உட்காரும்போதெல்லாம் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தேன். இறுக்கமான பேண்ட் போடவே இல்லை, லுங்கிதான். இரண்டாம் வாரம் தோல் செதில் செதிலாக உரிந்தது. அரிப்பு தாங்காது, ஆனாலும் சொறியக் கூடாது. செதிலோடு மையும் வந்துவிடும். வீக்கம் குறையாமல் ஏறினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நேரே டாக்டரிடம் போக வேண்டும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆற்றுக் குளியலையும் கிணற்றையும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி வைத்தேன்.

ரத்ததானம் செய்பவர்கள் டாட்டூ போட்ட நாளிலிருந்து ஓராண்டு காத்திருக்க வேண்டும். ராணுவ வேலைக்கு முயற்சி செய்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆறு வாரம் கழித்து டச்சப்புக்குப் போனேன். மட்கார்டு வளைவில் ஓரிடத்தில் கோடு மெலிந்திருந்தது, 692-ல் ஒன்பதின் வால் விட்டுப்போயிருந்தது. இரண்டையும் நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அது ஆறிய பிறகு மேஸ்திரியிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காலைப் பெஞ்சில் வைக்கச் சொல்லி, பம்பரிலிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கேபின் மூலையில் சட்டம் சேரும் இடத்தில் விரல் நின்றது. “இது திருச்செங்கோட்டுக் கட்டு,” என்றார். பிறகு 692-ஐப் பார்த்துவிட்டு, மாமாவின் வண்டிக்கு மைக்கோ டீசல் பம்ப்பை எந்த வருடம் கழற்றிச் சரி பார்த்தார் என்று சொல்ல ஆரம்பித்தார்.